நல்ல மென்பொருளை வைரஸ் கார்ட் பிடித்துவிட்டால்: பொய் எச்சரிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் மென்பொருளை வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி ஐந்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தார். தராசிலிருந்து எடையை நேரே வாங்கும். அன்றைய பவுண் விலையைப் போட்டால் செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துக் கணக்கைத் தரும். நேற்று இரவு கடை பூட்டும் வரை ஒரு குறையும் இல்லை. இன்று காலை திறந்தால், டெஸ்க்டொப்பில் அதன் ஐகன் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கிறது. சொடுக்கினால் கோப்பைக் காணவில்லை என்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் ஓர் அறிவிப்பு: அச்சுறுத்தல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் கடையில் இரண்டு குரல் கேட்கும். "ஐயோ, வைரஸ் வந்துட்டுது, கொம்பியூட்டரை ஃபோர்மட் பண்ணணும்" என்பது ஒன்று. "அண்ணே, அது சும்மா கத்துது, வைரஸ் கார்ட்டை ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க, ஒண்டும் நடக்காது" என்பது மற்றது. முதல் யோசனை ஐந்து வருடக் கணக்கை அழித்துவிடலாம். இரண்டாவது யோசனை உண்மையான வைரஸுக்குக் கதவைத் திறந்து விடலாம். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலை என்ன என்பதைச் சொல்வதற்கு முன், வைரஸ் கார்ட், அதாவது வைரஸைத் தேடிப் பிடிக்கும் பாதுகாப்பு மென்பொருள், ஏன் இப்படிச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தால் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தீங்கில்லாத ஒரு கோப்பை வைரஸ் என்று சொல்வதைப் பொய் எச்சரிக்கை என்போம். உண்மையான வைரஸைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. இந்த இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள். ஒரு தவறைக் குறைக்கப் போனால் மற்றது கூடும்.

வைரஸ் கார்ட் எதைப் பார்க்கிறது?

ஒரு நிரலை எழுதியவரின் நோக்கம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எல்லா வைரஸையும் தவறாமல் பிடித்து, நல்லதை ஒருபோதும் பிடிக்காத ஒரு நிரலை எழுதவே முடியாது என்று கணினி அறிஞர் ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணித ரீதியில் நிறுவிக்காட்டினார். ஆகவே வைரஸ் கார்ட் தருவது தீர்ப்பு அல்ல, ஊகம். பெரும்பாலும் நல்ல ஊகம்தான்.

ஊகிக்கும் வழிகளில் மிகப் பழையது கைரேகை பார்ப்பது. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணக்குப் போட்டு ஒரு நீண்ட எண்ணை எடுக்கலாம். அதை ஹாஷ் என்பார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். தெரிந்த வைரஸ்களின் ஹாஷ் பட்டியலோடு ஒப்பிட்டுப் பிடித்தால் பொய் எச்சரிக்கை அநேகமாக வராது. ஆனால் வைரஸ் எழுதுபவர் கோப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தாலே தப்பிவிடுவார். அதனால் முழுக் கோப்பை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு துண்டை அடையாளமாக வைத்துத் தேடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தத் துண்டு வைரஸுக்கே உரியதாக இருந்தால் நல்லது. பலரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான நிரல் நூலகத்திலிருந்து வந்த துண்டாக இருந்துவிட்டால், அதே நூலகத்தைப் பயன்படுத்திய அத்தனை நல்ல மென்பொருள்களும் மாட்டும்.

அடுத்த வழி சாயல் பார்ப்பது. கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறதா, தன் உள்ளடக்கத்தை மறைத்து வைத்திருக்கிறதா, எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லையா என்று கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போடும். மூன்றாவது வழி, ஓடும்போது நடத்தையைக் கவனிப்பது: விண்டோஸ் தொடங்கும்போது தானும் தொடங்கப் பதிகிறதா, வேறொரு செயலியின் நினைவகத்துக்குள் கை வைக்கிறதா, குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றுகிறதா என்றெல்லாம் பார்க்கும். கடைசியாக, இணையத்தின் வழியே நிறுவனத்தின் சேவையகத்திடம், "இந்தக் கோப்பை உலகில் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா? எத்தனை நாளாக?" என்று கேட்கும். கொழும்பில் மூன்று கடைகளில் மட்டும் ஓடும் பில் மென்பொருளை யாருக்கும் தெரியாது என்ற பதில் வரும். தெரியாததும் சந்தேகத்தைக் கூட்டும்.

இந்த உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற கதைதான்.

வைரஸ் கார்ட் பார்ப்பது தீங்கை அல்ல, அடையாளத்தையே என்பதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. எய்க்கார் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பின் சோதனைக் கோப்பு ஒன்று உண்டு. மொத்தமே 68 எழுத்துகள். அந்த அமைப்பின் தளத்திலிருந்து அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமித்தால் போதும், வைரஸ் கார்ட் உடனே பாய்ந்து பிடிக்கும். அந்தக் கோப்பால் செய்ய முடிந்தது, திரையில் ஒரு வரியைக் காட்டுவது மட்டுமே. வைரஸ் கார்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்டு வைத்திருக்கும் அடையாளம் அது. புதிதாக வைரஸ் கார்ட் போட்ட கணினியில் ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆயிரத்தில் ஒன்று என்றால் குறைவா?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கணினியில் 1 இலட்சம் கோப்புகள், அவற்றில் 10 உண்மையிலேயே கெட்டவை. வைரஸ் கார்ட் அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. நல்ல கோப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்றைத்தான் தவறாகப் பிடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1 இலட்சத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 100. மொத்தம் 110 எச்சரிக்கை வரும், அதில் 10 மட்டும் உண்மை. பதினொன்றில் ஒன்று.

இந்தக் கணக்கை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பில் போடுவது, மின்னஞ்சல் பார்ப்பது தவிர வேறொன்றும் செய்யாத கணினியில் கெட்ட கோப்பு வர வழி குறைவு. அங்கே வரும் எச்சரிக்கை பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் விளையாட்டுக்கும் படத்துக்கும் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கும் வீட்டுக் கணினியில் நிலைமை தலைகீழ். எச்சரிக்கை ஒன்றேதான், ஆனால் எந்தக் கணினியில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். இதை எந்த வைரஸ் கார்ட்டும் உங்களுக்குச் சொல்லாது.

அடிக்கடி மாட்டுபவை

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் தமிழ் தட்டச்சு மென்பொருள். பாமினி முறையிலோ தமிழ்99 முறையிலோ அடிக்க உதவும் ஒரு தனி மென்பொருள் எப்படி வேலை செய்கிறது? நீங்கள் வேர்டில் அடித்தாலும் மின்னஞ்சலில் அடித்தாலும், ஒவ்வொரு விசை அழுத்தமும் முதலில் அதன் கைக்கு வர வேண்டும். அது அந்த எழுத்தைப் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றி, உரிய செயலிக்கு அனுப்பும். இதற்காக விண்டோஸில் ஒரு கொக்கியைப் போட்டுக்கொள்ளும். கடவுச்சொல் திருடும் கீலொகரும் இதே கொக்கியைத்தான் போடும். பாதி வழிவரை இரண்டும் ஒன்று. அதன்பின் பிடித்த எழுத்தைத் தமிழாக்கித் திரும்பத் தருவது ஒன்று, ஒரு கோப்பில் சேர்த்து வைத்து வெளியே அனுப்புவது மற்றொன்று. அவசரமாகப் பார்க்கும் வைரஸ் கார்ட்டுக்கு முதல் பாதி மட்டும் தெரிந்தால் எச்சரிக்கை வரும். தட்டச்சு மென்பொருளுக்கு இணையத் தொடர்பு தேவையில்லை. அது இணையத்தோடு பேச முயல்வதை, இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஃபயர்வோல் காட்டினால், புதிய பதிப்பு தேடுவதற்காகத்தானா என்று அவசியம் விசாரியுங்கள்.

பைதன் மொழியில் எழுதி, பைஇன்ஸ்டோலர் கொண்டு, சொடுக்கினால் ஓடும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டிய மென்பொருள்கள் இன்னொரு வகை. பல்கலைக்கழக மாணவர் செய்யும் புரொஜெக்ட், சிறு கடைக்கு எழுதிக் கொடுக்கும் ஸ்டொக் மென்பொருள் எல்லாம் இப்படித்தான் கட்டப்படுகின்றன. இப்படிக் கட்டிய கோப்பைத் திறந்தால், அது தன்னுள் இருப்பதையெல்லாம் தற்காலிகக் கோப்புறையில் விரித்து வைத்து, அங்கிருந்து ஓடும். வைரஸைச் சுமந்து வரும் கோப்புகளும் அப்படியே செய்கின்றன. அதோடு, பைஇன்ஸ்டோலரில் கட்டிய எல்லாவற்றிலும் முன்பகுதி நிரல் ஒன்றே. வைரஸ் எழுதுபவர்களும் அதே கருவியைப் பயன்படுத்துவதால், அந்த முன்பகுதியே சில வேளை அடையாளமாகிவிடுகிறது. யூபிஎக்ஸ் போன்ற சுருக்கும் கருவிகளால் சுருக்கிய கோப்புகளும், வேலைகளைத் தானாகச் செய்விக்கும் ஆட்டோஇட், ஆட்டோஹொட்கீ நிரல்களும் மாட்டுவது இதே காரணத்தால்.

மறந்த கடவுச்சொல்லை மீட்கும் கருவி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் கருவி ஆகியவற்றைப் பிடிப்பதைப் பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. கத்தி சமையலறையில் இருந்தால் கறி வெட்ட. முன்பின் தெரியாதவர் கையில் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். காஸ்பர்ஸ்கி என்ற வைரஸ் கார்ட் இவற்றுக்கு 'நொட்-எ-வைரஸ்' என்றே முன்னொட்டுப் போட்டுக் காட்டும். அதாவது, இதை நீங்களே போட்டீர்களா என்று கேட்கிறது.

பெரிய நிறுவனங்கள் தவறிய நாட்கள்

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958ஆம் இலக்க அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் வலையமைப்பை இழந்தன, திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகின. 2011 செப்டம்பர் 30இல் மைக்ரோசொஃப்டின் வைரஸ் கார்ட் கூகுள் குரோமை, வங்கிக் கணக்குத் திருடும் ஸீபொட் என்று சொல்லிப் பல கணினிகளிலிருந்து நீக்கியது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட் கருவியையே வைரஸ் என்று பிடித்தது. பிழையைத் திருத்தும் அப்டேட் வந்து சேர வேண்டிய வழியே அதுதான் என்பதால் சிக்கல் இரட்டிப்பானது. 2022 செப்டம்பர் 4இல், விண்டோஸோடு வரும் வைரஸ் கார்ட்டான மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர், குரோம் போன்ற செயலிகளைத் திறக்கும்போதெல்லாம் 'ஹைவ்' என்ற பெயரில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. திருத்திய அப்டேட் விரைவில் வந்தது.

இவற்றுக்கெல்லாம் ஒரே சாயல்: புதிய அப்டேட் வந்த சில மணி நேரத்துக்குள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கணினிகளில், எல்லோரும் அறிந்த ஒரு மென்பொருளின் மேல், ஒரே பெயரில் எச்சரிக்கை. அப்படி நடந்தால் எதையும் அழிக்காமல், அப்டேட்டை மறுபடி இறக்கிப் பாருங்கள். ஆனால் உங்கள் அலுவலகத்தில் மட்டும் பல மென்பொருள்கள் ஒரே பெயரில் மாட்டினால் அது வேறு கதை. அதைக் கீழே சொல்கிறோம்.

எச்சரிக்கையின் பெயரைப் படியுங்கள்

அறிவிப்பை மூடிவிடாமல் முதலில் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஃபெண்டர் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பகுதியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்ட்ரிக்குப் போனால் பெயர், கோப்பு இருந்த இடம், நேரம் மூன்றும் இருக்கும்.

'ட்ரோஜன்:வின்32/வாக்கட்டாக்.பி!எம்எல்' என்ற பெயர் அடிக்கடி வரும். முதலில் வகை, பிறகு எந்த இயங்குதளத்துக்கானது, பிறகு குடும்பப் பெயர். கடைசியில் இருக்கும் 'எம்எல்' முக்கியம். இயந்திரக் கற்றலால் ஊகித்தது, மனிதர் யாரும் இந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்துச் சொன்னது அல்ல என்று பொருள். பெயரில் ஜென், ஜெனரிக், ஹியூர், சஸ்பிஷியஸ் போன்ற சொற்கள் இருந்தாலும் இதே நிலைதான், சாயலை வைத்துச் சொன்னது. 'பியூஏ' என்றால் வேண்டாத இணைப்புகளோடு வரும் மென்பொருள். 'ஹேக்டூல்' என்றால் ஊடுருவவோ காவலை உடைக்கவோ பயன்படக்கூடிய கருவி. இவற்றுக்கு மாறாக சாலிட்டி, ராம்னிட், நெஷ்டா என்று குறிப்பான ஒரு குடும்பப் பெயரோடு வந்தால், அந்த எச்சரிக்கையை உண்மை என்று எடுத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். புதிய மென்பொருளை நிறுவும்போது திரையில் நீலப் பெட்டி ஒன்று வந்து விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்று சொன்னால், அது வைரஸ் எச்சரிக்கையே அல்ல. ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற வேறொரு காவல் அது. இந்தக் கோப்பை இதுவரை போதிய பேர் பயன்படுத்தவில்லை, எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது என்பதுதான் அதன் சேதி.

அரை மணி நேரச் சோதனை

பிடிபட்ட கோப்பு பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை. ஓட முடியாத வடிவில் மாற்றி, குவாரண்டைன் என்ற தனியறையில் பூட்டி வைக்கப்படும். அங்கே அது யாருக்கும் தீங்கு செய்யாது. எனவே அவசரம் இல்லை, அங்கேயே இருக்கட்டும். கடையின் கணக்கு விவரங்கள் அநேகமாக வேறொரு தரவுத்தளக் கோப்பில் பத்திரமாக இருக்கும். முதல் வேலையாக அதை ஒரு வெளித் தட்டில் நகலெடுத்துக்கொண்டு, இன்றைய பில்லைக் கையால் எழுதத் தொடங்கலாம்.

பிறகு கோப்பு இருந்த இடத்தைப் பாருங்கள். ஐந்து வருடமாக இருந்த புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலேயே பிடிபட்டதா, அல்லது அதே பெயரில் டவுன்லோட்ஸிலோ, தற்காலிகக் கோப்புறையிலோ, பென் டிரைவிலோ பிடிபட்டதா? பெயர் ஒன்றாக இருந்து இடம் மாறியிருந்தால் அது வேறு கோப்பு. கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவில், கோப்புறை ஐகனோடு ஒரு இஎக்ஸ்இ இருந்தால், அதைப் பொய் எச்சரிக்கை என்று நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது, எழுதியவரைத் தொலைபேசியில் அழைப்பது. அவர் கொடுத்த கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷைக் கேளுங்கள். அது 64 எழுத்து நீளமான ஒரு வரி. உங்கள் கணினியில் இருப்பதன் ஹாஷை எடுக்க, வலையமைப்பைத் துண்டித்துவிட்டு, கோப்பைக் குவாரண்டைனிலிருந்து மீட்டு, திறக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டால் மட்டும் அது ஓடாது. செவன்-ஸிப் நிறுவியிருந்தால், வலது சொடுக்கில் வரும் பட்டியலிலேயே எஸ்எச்ஏ-256 இருக்கும். இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றானால், உங்களிடம் இருப்பது அவர் கொடுத்த அதே கோப்புதான். ஓரிடத்தில் மாறினாலும், இடையில் யாரோ அல்லது ஏதோ அதை மாற்றியிருக்கிறது. உடனே மறுபடி பூட்டிவிடுங்கள்.

பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. கோப்பின் மேல் வலது சொடுக்கி, புரொப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைப் பாருங்கள். பெயரைத் தேர்ந்து டீட்டெயில்ஸை அழுத்தினால் கையொப்பம் சரியா இல்லையா என்று சொல்லும். வழக்கமாகக் கையொப்பம் இருக்க வேண்டிய மென்பொருளில் அது செல்லாது என்று வந்தால், கோப்பின் உள்ளே யாரோ கை வைத்திருக்கலாம்.

வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு கோப்பை ஏற்றினால், ஏறத்தாழ 70 வைரஸ் கார்ட்களின் கருத்தை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், சம்பளப் பட்டியல் இருக்கும் கோப்புகளை ஒருபோதும் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கோப்பை ஏற்றாமல் ஹாஷை மட்டும் தேடலாம், முன்பே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வரும். இரண்டாவது, தலைகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள். பல வைரஸ் கார்ட்கள் வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஆறு பேர் ஒரே பெயரைச் சொன்னால், அது ஆறு சாட்சியாக இல்லாமல் ஒரே சாட்சியாக இருக்கலாம். பொதுப் பெயர்களோடு இரண்டு மூன்று மட்டும் வந்தால் பொய் எச்சரிக்கைக்கு வாய்ப்பு அதிகம். வெவ்வேறு பெரிய நிறுவனங்கள் இருபது, முப்பது என்று ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் வாதாட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையில் நின்றால், மூன்று நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். பொய் எச்சரிக்கை நாளாக நாளாகக் குறையும், உண்மையானது கூடும்.

உண்மையைப் பொய் என்று நினைத்தால்

2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருளின் புதிய பதிப்பைச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் பிடிக்கத் தொடங்கின. பெயர் பெற்ற நிறுவனம், முறையான கையொப்பம் இருந்தது. பொய் எச்சரிக்கை என்று பலர் எடுத்துக்கொண்டு, அதைச் சோதிக்காமல் விடும்படி வைரஸ் கார்ட்டில் விலக்கும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து உண்மை தெரிந்தது: ஊடுருவியவர்கள் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நுழைந்து, மென்பொருளைக் கட்டும் இடத்திலேயே நஞ்சைக் கலந்திருந்தார்கள். 2017இல் சிகிளீனர் 5.33 பதிப்பிலும் இப்படித்தான் நடந்தது, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. கையொப்பம் யார் கொடுத்தது என்பதைத்தான் சொல்லும், கொடுத்தவர் வீட்டில் கள்வன் புகுந்தானா என்பதைச் சொல்லாது. இதற்காகத்தான், பெயர் பெற்ற மென்பொருளின் புத்தம் புதிய பதிப்பு மாட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுத்திருக்கச் சொல்கிறோம். பழைய பதிப்பில் வேலையைத் தொடரலாம்.

சாலிட்டி, ராம்னிட், நெஷ்டா போன்றவை வேறு விதம். அவை கணினியில் இருக்கும் நல்ல இஎக்ஸ்இ கோப்புகளுக்குள்ளேயே தம்மைச் சொருகிக்கொள்ளும். நகைக்கடையின் பில் மென்பொருள் நல்லதுதான், எழுதியவரும் நேர்மையானவர்தான், ஆனால் அந்தக் கணினியில் இருக்கும் பிரதி தொற்றியிருக்கிறது. பில், ஸ்கேனர், பழைய விளையாட்டு என்று சம்பந்தமில்லாதவை ஒரே பெயரில் அடுத்தடுத்து மாட்டுவது இதன் அடையாளம். ஹாஷ் மாறியிருக்கும், கையொப்பம் முறிந்திருக்கும். மேலே சொன்ன ஒப்பிடல் இங்கேதான் உங்களைக் காப்பாற்றும். அப்படியானால் கணினியை வலையமைப்பிலிருந்து எடுத்து, வேறொரு சுத்தமான கணினியில் தயாரித்த மீட்பு வட்டோ பென் டிரைவோ கொண்டுதான் சுத்தம் செய்ய வேண்டும். நிறுவனம் என்றால், 2006 முதல் இயங்கும் தேசியக் கணினி அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவிக்கலாம்.

கிராக் செய்த மென்பொருள் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். விண்டோஸையும் ஒஃபிஸையும் காசு கொடுக்காமல் இயக்கவைக்கும் ஆக்டிவேட்டரை 'ஹேக்டூல்' என்று டிஃபெண்டர் பிடிக்கும். கிராக் என்றால் அப்படித்தான் கத்தும் என்று அதை இறக்கிய தளமே எழுதி வைத்திருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி. உரிமக் காவலை உடைப்பதற்காகக் கத்துகிறதா, உள்ளே வேறொன்று ஒளிந்திருப்பதற்காகக் கத்துகிறதா என்று வெளியிலிருந்து பிரித்தறிய உங்களிடம் எந்த வழியும் இல்லை. ஒப்பிட மூல ஹாஷ் இல்லை, கையொப்பம் இல்லை, அழைத்துக் கேட்க எழுதியவர் இல்லை. கணக்குப் பார்க்கும் கணினியில் இதைப் போடவே வேண்டாம். லிப்ரே ஒஃபிஸ் இலவசம், தமிழும் நன்றாக வருகிறது.

விலக்குக் கொடுக்கும் முறை

எல்லாம் பார்த்துப் பொய் எச்சரிக்கைதான் என்று உறுதியானால், வைரஸ் கார்ட்டை ஓஃப் பண்ணாதீர்கள். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். டிஃபெண்டரில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸுக்குள் கீழே எக்ஸ்குளூஷன்ஸ் இருக்கும். கோப்பு, கோப்புறை, கோப்பு வகை, புரொசெஸ் என்று நான்கு தெரிவுகள். கோப்பைத் தேர்ந்து அந்த இஎக்ஸ்இயைக் காட்டுங்கள். மென்பொருள் பல கோப்புகளாக இருந்தால் அதற்குரிய கோப்புறை மட்டும். டவுன்லோட்ஸ் கோப்புறைக்கோ முழு சி டிரைவுக்கோ விலக்குக் கொடுப்பது, வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். கோப்பு வகையில் இஎக்ஸ்இ என்று போடுவதும் அப்படியே.

புரொசெஸ் என்ற தெரிவில் பலர் தவறு செய்கிறார்கள். அங்கே பில் மென்பொருளின் பெயரைப் போட்டால், அந்த மென்பொருள் திறக்கும் மற்றக் கோப்புகள்தான் சோதனையிலிருந்து விலகும். அந்த இஎக்ஸ்இ கோப்பு விலகாது. அதனால் மறுபடி பிடிபடும், விலக்குக் கொடுத்தும் வேலை செய்யவில்லை என்று கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

விலக்குக் கொடுத்த கையோடு, கோப்பை அந்த வைரஸ் கார்ட் நிறுவனத்துக்கே அனுப்புங்கள். மைக்ரோசொஃப்ட் உட்படப் பெரிய நிறுவனங்கள் அனைத்துக்கும் இதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. எச்சரிக்கையின் பெயர், அப்டேட் இலக்கம், இந்தக் கோப்பு என்ன வேலைக்கானது என்ற ஒரு வரி விளக்கம் போதும். ஒரு கடை அனுப்பினால் அந்த மென்பொருள் ஓடும் எல்லாக் கடைக்கும் தீர்வு வரும்.

மென்பொருள் எழுதும் தம்பிமாருக்கும் சில சொல்ல வேண்டும். பைஇன்ஸ்டோலரில் ஒரே கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுங்கள், யூபிஎக்ஸ் சுருக்கத்தை நிறுத்துங்கள், முன்பகுதி நிரலை உங்கள் கணினியிலேயே புதிதாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றுமே பெரும்பாலான எச்சரிக்கைகளைக் குறைக்கும். கோப்பின் விவரங்களில் நிறுவனப் பெயர், பதிப்பு இலக்கம் இரண்டையும் நிரப்புங்கள். கையொப்பச் சான்றிதழ் வாங்க முடிந்தால் நல்லது. 2023 ஜூனிலிருந்து அதன் இரகசியச் சாவி பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பதால் செலவும் நடைமுறையும் கூடியிருக்கிறது. அது இயலாதவர்கள் ஒவ்வொரு பதிப்பின் ஹாஷையும் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள். புதிய பதிப்பைக் கடைக்கு அனுப்புவதற்கு முதல் நாளே வைரஸ்டோட்டலில் பாருங்கள்.

நகைக்கடையில் அந்தக் காலை எப்படி முடியும்? ஹாஷ் ஒன்றாக இருந்தது, பெயரில் 'எம்எல்' இருந்தது, வைரஸ்டோட்டலில் இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள் என்றால், பத்து மணிக்கு விலக்கோடு பில் மென்பொருள் திரும்ப ஓடும். கோப்பை அனுப்பி, திருத்தம் செய்துவிட்டோம் என்ற பதில் வந்த பின், அப்டேட்டை இறக்கி, விலக்கை நீக்கி, அந்தக் கோப்பை மட்டும் வலது சொடுக்கிச் சோதிக்க வேண்டும். எச்சரிக்கை வராவிட்டால் விலக்கு இனித் தேவையில்லை. விலக்குக் கொடுத்த நாளையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி மொனிட்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அதை நீக்க வேண்டும் என்ற நினைவு யாருக்கும் வராது.